இந்தச் செடிக்குப் பேர் என்ன? சின்னப் பிள்ளையோடு சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து வந்து வீடு பார்த்து, கட்டில் வாங்கி, வைஃபை போட்டு, பிள்ளைக்குப் பாலர் பள்ளியில் இடம் பிடித்து, எல்லாம் முடிந்தபிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு செடி வாங்குவோம். நாங்களும் வாங்கினோம். செங்காங்கில் ஒன்பதாவது மாடி, ஜன்னல் ஓரம், பச்சை இலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட செடி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது என்று கடைக்காரர் சொன்னார். பேர் கேட்டதற்கு 'லக்கி பிளான்ட்' என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு சாயங்காலம் நான் அடுப்படியில் இருக்கும்போது கூடத்திலிருந்து அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கையால் சுரண்டிச் சுரண்டி எடுக்கப் பார்க்கிறாள், எச்சில் வடிந்து சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. எறும்போ பூச்சியோ என்று வாய்க்குள் விரல் விட்டுத் தேடினேன். அப்புறம்தான் இலை கண்ணில் பட்டது. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கடி, நாலு பல் தடம் தெளிவாக.

ஊருக்கு போன் போட்டால் அம்மா "புளியக் கரைச்சு ஊத்துடி" என்கிறார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (மலாயில் ஆன்ட்டி) சத்தம் கேட்டு ஓடி வந்தவர், குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் குழந்தையின் உதட்டில் ஒற்றிக்கொண்டே "ஹாஸ்பிடல், ஹாஸ்பிடல்" என்றார். டாக்சி பிடித்துப் போனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன செடி? நான் சொன்ன பதில், "பச்சைச் செடி, வெள்ளைப் புள்ளி இருக்கும்." அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மட்டும் கீழே வைத்தார். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஓடிய கணவர் போட்டோ அனுப்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அது டிஃபன்பாக்கியா. ஆங்கிலத்தில் அதற்கு ஊமைப் பிரம்பு என்ற பொருளில் ஒரு பேர் உண்டு, தின்றவருக்கு நாக்கு வீங்கிப் பேச்சு வராது என்பதால். நாலு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து, ஐஸ்கிரீம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உதடு மறுநாள் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்த தேடலில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு அம்மா. பிள்ளை ஏதாவது தின்றுவிட்ட நேரத்தில் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நேராக 'வாயில் போட்டுவிட்டால்' பகுதிக்குப் போங்கள்.

முதல் வேலை, பேர்

இன்றைக்கே வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். கூடம், ஜன்னல் ஓரம், துணி காயப்போடும் இடம், வாசலுக்கு வெளியே காரிடார், வாடகை வீடாக இருந்தால் முன்பு இருந்தவர் விட்டுப்போன தொட்டி, எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். இலை, தண்டு, பூ, காய் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் பேர் கண்டுபிடித்து ஐஸ்கிரீம் குச்சியில் எழுதித் தொட்டியில் குத்துங்கள். தமிழ்ப் பேர் போதாது, ஆங்கிலத்தில் எழுதும் தாவரவியல் பேரும் வேண்டும். ஏனென்றால் 'அரளி' என்று சொன்னால் இங்கே அவசரப் பிரிவில் யாருக்கும் புரியாது, 'லக்கி பிளான்ட்' என்று சொன்னால் பத்துச் செடி இருக்கிறது.

கூகுள் லென்ஸ் ஆரம்பத்துக்கு உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், எனக்கு ஒரே செடிக்கு இரண்டு நாளில் இரண்டு பேர் சொன்னது. தேசியப் பூங்காக் கழகம் (என்பார்க்ஸ்) 'ஃபுளோரா அண்ட் ஃபோனா வெப்' என்று ஒரு இணையத் தளம் வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் வளர்கிற செடிகள் படத்தோடு இருக்கும், லென்ஸ் சொன்ன பேரை அங்கே போட்டுச் சரிபாருங்கள். பேர் தெரியாத தொட்டி பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. என் வீட்டில் இதுதான் ஒரே சட்டம்.

பேர் தெரிந்தபிறகு எல்லாச் செடிக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதும் தெரியும். பெரும்பாலானவை வாயை எரிய வைத்து அழ வைப்பதோடு விட்டுவிடும். சில செடிகள் மட்டும் அப்படி இல்லை. அந்தச் சிலதைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

வாயை எரிய வைப்பவை

வீட்டுக்குள் வைக்கும் இலைச் செடிகளில் நிறைய சேம்புக் குடும்பம். டிஃபன்பாக்கியா, மணி பிளான்ட், ஃபிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா, கலேடியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, இசட்இசட் பிளான்ட் எல்லாம் அதில் வரும். இவற்றின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிகமாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கடித்ததும் அந்த ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் குத்திக்கொள்ளும். கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்குமே, அதே சங்கதி. நம் வீடுகளில் கருணையைப் புளி விட்டு வேகவைப்பது அதனால்தான். அம்மா புளிக்கரைசல் ஊற்றச் சொன்னதும் அந்த நினைவில்தான், சும்மா சொல்லவில்லை. ஆனால் அது கிழங்குக்கான வைத்தியம். ஏற்கெனவே புண்ணாகி வீங்கிக்கொண்டிருக்கும் குழந்தை வாய்க்குள் புளிப்பை ஊற்றினால் எரிச்சல்தான் கூடும்.

இந்த வகையில் ஒரு நல்லது, முதல் கடியிலேயே வலிப்பதால் குழந்தை துப்பிவிடும், வயிறு நிறையத் தின்னாது. ஒரு கெட்டது, அபூர்வமாக நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைபடலாம். அதைப் பற்றிக் கீழே.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் வீடுகளுக்கே உரியது. வெற்றிலைக் கொடியும் மணி பிளான்ட்டும் பார்க்க ஒரே மாதிரி, இரண்டும் இதய வடிவ இலை, இரண்டும் கொடி. பாட்டி விசிட் பாஸில் வந்து ஒரு மாதம் தங்கி, தினம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் ஊருக்குத் திரும்பின மறுவாரம் அது எந்த இலையைக் கிள்ளும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பால் வடிபவை

திருகுக்கள்ளி இங்கே அழகுச் செடியாகத் தொட்டியில் விற்கிறது, முள்ளோடு சின்னச் சின்னச் சிவப்புப் பூப் பூக்கும் யூஃபோர்பியாவும்தான். ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் எரியும், வாயில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் விஷயம் பெரிது. கண்ணில் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், அழுதாலும் நிறுத்தக் கூடாது, அப்புறம் ஆஸ்பத்திரி. நீங்கள் செடி வெட்டினாலும் கையுறை போடுங்கள், அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

இதயத்தைப் பிடிப்பவை

இங்கேதான் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அரளி, மஞ்சள் அரளி, அடேனியம் என்கிற பாலைவன ரோஜா, கடலோரத்து பொங்-பொங் மரம். நாலும் ஒரே குடும்பம். இவற்றில் இருக்கும் நச்சு இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் உப்புகளின் போக்குவரத்தைக் குலைத்துவிடும். முதலில் வாந்தி, வயிற்று வலி, சோர்வு, அப்புறம் நாடி மெதுவாகும் அல்லது தாறுமாறாகும். வாய் எரிச்சல் பெரிதாக இருக்காது, குழந்தை அலறாது, அதனால் நமக்கு உடனே தெரியாது.

மஞ்சள் அரளி விதையின் கொடுமை இலங்கையின் வடபகுதியில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். டிகாக்சின் என்ற இதய மருந்து அதிகமானால் கொடுக்கிற எதிர்மருந்து இதற்கும் கேட்கிறது என்பதை இலங்கையில் நடந்த ஆய்வுதான் காட்டியது, 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வைத்தியம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன், ஆனால் அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

அடேனியம் சீனப் புத்தாண்டு சமயத்தில் நர்சரிகளில் நிறைய வரும். அடி பருத்து, ரோஜா நிறப் பூவோடு பொம்மை மரம் மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்குப் பார்த்ததும் பிடிக்கும். ஆப்பிரிக்காவில் அதன் பாலை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம்.

நம் ஆட்கள் இதில் ஒன்றைக் கவனிப்பதே இல்லை. பூஜை அறை. சிவனுக்கு ஊமத்தை, பிள்ளையாருக்கு எருக்கு, அம்மனுக்கு அரளி. சாமிக்கு நாம் ஆசையாகச் சாத்துகிற பூவில் முக்கியமான மூன்றும் விஷம்! ஊரில் எல்லாருக்கும் இது தெரியும், 'அரளி விதை' என்று சொன்னாலே பேச்சு நின்றுவிடும். இங்கே தேக்காவில் (லிட்டில் இந்தியா) மாலையாகக் கட்டி வாங்கும்போது அந்த நினைவு வருவதில்லை. வெள்ளிக்கிழமை போட்ட மாலை செவ்வாய்க்கிழமைவரை சாமி படத்தில் காய்ந்துகொண்டிருக்கும், பூ ஒன்றொன்றாகத் தரையில் உதிரும், தரையில்தான் நம் பிள்ளை தவழும். அரளி காய்ந்தாலும் விஷம் போகாது. மாலையில் அரளி இருந்தால் உயரமாகப் போடுங்கள், மறுநாளே கழற்றிக் குப்பையில் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் மல்லிகையும் சாமந்தியும் மட்டும் கேட்டு வாங்குங்கள். சாமி கோபிக்காது.

எருக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வண்ணத்துப்பூச்சித் தோட்டங்களில் அதை வேண்டுமென்றே நடுகிறார்கள், ஒரு வகை ஆரஞ்சு நிறப் பூச்சியின் புழுக்கள் அந்த இலையைத்தான் தின்னும், அந்த விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கும். பாலர் பள்ளியிலிருந்து கூட்டிப்போனால் பார்க்க அருமையான இடம். தொட்ட கையைக் கழுவாமல் பிஸ்கட் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஊமத்தை வேறு கணக்கு. அதுவும், மஞ்சளோ வெள்ளையோ பெரிய பூ தலைகீழாகத் தொங்கும் புருக்மான்சியாவும் தின்றால் வாய் வறளும், முகம் சிவந்து உடம்பு சுடும், கண்ணின் கருமணி அகன்றுவிடும், பிள்ளை இல்லாததைப் பிடிக்கப் போவது போலக் கையை ஆட்டிப் பிதற்றும். காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

விதைகள்

'குந்துமணித் தங்கம்கூட இல்லை' என்று சொல்கிற அந்தக் குன்றிமணி, சிவப்பில் ஒரு கறுப்புப் பொட்டு. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்போம். ஊரிலிருந்து வந்த பையில், கொலுப் பெட்டியில், பல்லாங்குழியோடு எங்காவது நாலு கிடக்கும். அதன் தோல் கெட்டி, முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ, நூலில் கோக்கத் துளை போட்டிருந்தாலோ கதை வேறு. உள்ளே இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், வாந்தியும் பேதியும் தொடங்குவதற்குள் ஒரு நாள்கூட ஆகலாம். 'நல்லாத்தானே விளையாடுது' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

சிங்கப்பூர்ப் பூங்காக்களில் பிள்ளைகள் பொறுக்குவது வேறு விதை. சாகா மரத்து விதை, நம் ஆனைக்குன்றிமணி. முழுச் சிவப்பு, கறுப்புப் பொட்டு கிடையாது, கொஞ்சம் இதய வடிவம். இங்குள்ள பிள்ளைகள் பாட்டிலில் சேர்த்துவைப்பார்கள், நூறு சேர்த்தால் நினைத்தது நடக்குமாம். பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கெடுக்கும், ஆனால் குன்றிமணி அளவுக்கு ஆபத்து இல்லை. சின்னப் பிள்ளைக்கு மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதுதான் இதில் பெரிய தொல்லை. என் வீட்டில் சாகா பாட்டில் உண்டு, மேல் தட்டில். குன்றிமணியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கறுப்புப் பொட்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆமணக்கு இங்கே சிவப்பு இலை வகை அழகுக்காக வளர்க்கப்படுகிறது. விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நமக்கு அது மருந்துச் செடி என்றுதான் தோன்றும், ஆனால் எண்ணெயில் வராத ரிசின் விதையிலேயே தங்கிவிடும், மென்றால் விஷம். காட்டாமணக்கு விதை தின்று பிள்ளைகள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போன செய்தியை ஊர்ப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கொட்டை மாதிரி ருசியாக வேறு இருக்குமாம், அதனால்தான் ஒன்றோடு நிறுத்துவதில்லை. அதன் சொந்தக்காரச் செடி ஒன்று, அடி குண்டாக, பவளச் சிவப்புப் பூவோடு, இங்கே தொட்டிகளில் சாதாரணமாகக் கிடைக்கும். ஈந்து மாதிரி இருக்கும் சைக்காஸ் விதை கல்லீரலைக் கெடுக்கும். செங்காந்தள் நம் மாநிலப் பூ, அதன் கிழங்கு கால்ச்சிசின் என்ற நஞ்சு நிறைந்தது, ஊர்ப் பாசத்தில் தொட்டியில் வைக்க ஆசை வந்தால் பிள்ளை வளரும்வரை தள்ளிப்போடுங்கள். போகிற போக்கில் இன்னொன்று, ஊரிலிருந்து கிழங்கோ பதியனோ பையில் போட்டுக் கொண்டுவர இங்கே விதிமுறை உண்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வாசலுக்கு வெளியே

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (எச்டிபி) வீட்டுக் காரிடாரில் அடுத்த வீட்டு அங்கிளின் செடி நம் பிள்ளைக்கும் எட்டும். சண்டை போடாதீர்கள், போய்ப் பேர் கேளுங்கள். செடி வளர்ப்பவர்களுக்குப் பேர் கேட்டால் சந்தோஷம், அரை மணி நேரம் பேசுவார்கள். 'என் பிள்ளை எதையும் வாயில் போடும், அந்த ஒரு தொட்டியை மட்டும் மேலே வைக்க முடியுமா' என்று கேட்டால் இதுவரை யாரும் எனக்கு முடியாது என்று சொன்னதில்லை. காரிடாரில் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று தீப் பாதுகாப்பு விதி இருக்கிறது, தொட்டியை உயர்த்தி ஓரமாக வைப்பதற்கு அதுவும் ஒரு சாக்கு.

கீழே வேலியாக நடும் டுராண்டாவில் தங்க நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கும், மிட்டாய் மாதிரி, அது கூடாது. உண்ணிச்செடிப் பழத்தைப் பழுத்துக் கறுத்தபிறகு நாம் எல்லாரும் சின்ன வயதில் தின்றிருப்போம், அதைப் பிள்ளைக்குப் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள், பச்சைக் காய் நஞ்சு, பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. சாக்கடை ஓரம் யானைக்காது மாதிரி நிற்கும் பெரிய சேம்பைச் சேப்பங்கிழங்கு என்று நினைத்துப் பிடுங்கி வந்து குழம்பு வைக்க வேண்டாம், இதைப் பெரியவர்களுக்குச் சொல்கிறேன். பொங்-பொங் காய் பச்சை மாங்காய் அளவில் கடற்கரைப் பூங்காக்களில் விழுந்து கிடக்கும், நார் மட்டை கெட்டியாக இருப்பதால் சின்னப் பிள்ளையால் பருப்புவரை போக முடியாது, ஆனாலும் உடைத்து விளையாட விடாதீர்கள்.

வாயில் போட்டுவிட்டால்

கத்தாதீர்கள். நீங்கள் கத்தினால் பிள்ளை பயந்து வாயில் இருப்பதை விழுங்கிவிடும். வாயைத் திறந்து விரலால் மீதியை எடுங்கள், ஈரத் துணியால் நாக்கையும் கன்ன உட்புறத்தையும் துடையுங்கள். கொப்பளிக்கத் தெரிந்த வயதென்றால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்க்கும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். எரித்துக்கொண்டு போனது எரித்துக்கொண்டே திரும்பி வரும், மூச்சுக்குழாயில் போனால் இன்னும் மோசம். உப்புக் கரைசல் குழந்தையின் ரத்தத்தில் உப்பைத் தாறுமாறாக ஏற்றிவிடும், அதனாலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். ஊரிலிருந்து போனில் யார் என்ன சொன்னாலும் இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பால் விஷத்தை முறிக்கும் என்பதும் உண்மை இல்லை. சேம்பு வகைக்கு மட்டும், பிள்ளை தாராளமாக விழுங்குகிறது என்றால், ஒரு மடக்குக் குளிர்ந்த பாலோ தயிரோ ஐஸ்கிரீமோ வாய்க்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

உடனே 995 (ஆம்புலன்ஸ்) அழைக்க வேண்டியது எப்போது? மூச்சு விடச் சிரமப்பட்டால், மூச்சில் சத்தம் வந்தால், குரல் மாறினால், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால், நாக்கு வீங்கிக்கொண்டே போனால், துவண்டு தூங்கி விழுந்தால், வலிப்பு வந்தால். நான் அன்றைக்கு டாக்சி பிடித்தது தப்பு. எச்சில் அப்படி வடிந்த பிள்ளையை விரைவுச் சாலை நெரிசலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், வழியில் தொண்டை வீங்கியிருந்தால் ஓட்டுநரும் நானும் என்ன செய்திருப்போம்?

995-ல் குடிமைத் தற்காப்புப் படை எடுக்கும். அவர்களுக்கு முதலில் வேண்டியது உங்கள் இடம். புளோக் எண், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. புதிதாக வந்தவர்கள் பதற்றத்தில் மறப்பது இதைத்தான், குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளையின் வயது, எடை, என்ன செடி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். போனை வைக்காதீர்கள், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் கீழே போய் லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தால் நேரம் மிச்சம். மயங்கிவிட்டால் மூச்சு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அரளி, மஞ்சள் அரளி, அடேனியம், ஊமத்தை, எருக்கு, மென்ற குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, சைக்காஸ், செங்காந்தள், அல்லது பேர் தெரியாத எதுவானாலும் அறிகுறி வரட்டும் என்று உட்காரக் கூடாது. நன்றாக இருந்தாலும் உடனே போங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையில், லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கம். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை கெண்ட் ரிட்ஜில். இரண்டிலும் குழந்தைகள் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கும் பலதுறை மருந்தகமும் (பாலிகிளினிக்) தோல் அரிப்புக்குச் சரி, இதற்கு இல்லை, அங்கே போய் அவர்கள் அனுப்பி வைக்கும் நேரம்தான் வீண்.

கிளம்பும்போது செடியில் ஒரு கொத்து, இலையும் பூவும் காயுமாக, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், வெறுங்கையால் ஒடிக்காதீர்கள். கடித்த மிச்சம் இருந்தால் அதுவும். தொட்டியை முழுசாகவும் ஒரு போட்டோ. வாந்தி எடுத்திருந்தால் அந்தத் துணியையும் இன்னொரு பையில். டிபெண்டன்ட் பாஸ் அல்லது பாஸ்போர்ட், காப்புறுதி அட்டை. கூட வேறு பிள்ளை விளையாடியிருந்தால் அதன் அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் தனியாகத் தின்பது குறைவு.

அங்கே என்ன செய்வார்கள்? செடியைப் பொறுத்தது. பெரும்பாலும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதுவே சிகிச்சை. சில நச்சுகளுக்குச் சீக்கிரமே போயிருந்தால் கரிக்கரைசல் கொடுப்பார்கள், அது அங்கே கணக்குப் பார்த்துக் கொடுப்பது, வீட்டில் கரியை இடித்துக் கொடுப்பது இல்லை. அரளி வகை என்றால் இதயத் துடிப்பை வரைபடமாக எடுப்பார்கள், ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பார்கள், இரவு தங்கச் சொல்வார்கள். 'ஒண்ணும் இல்லையே, வீட்டுக்குப் போகலாமா' என்று அவசரப்படுத்தாதீர்கள். திட்டுவார்களோ என்று பயந்து நேரத்தையும் அளவையும் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு

பகலில் பிள்ளையைப் பார்ப்பது பணிப்பெண்ணோ தாத்தா பாட்டியோ என்றால் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்து பிரயோஜனம் இல்லை. குச்சியில் எழுதின பேரை அவர்களுக்கு ஒரு முறை காட்டுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பு நூல் கட்டியிருந்தால் தொடக்கூடாத செடி, இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண்ணுக்கும் என் மாமனாருக்கும் ஒரே மொழி அந்தச் சிவப்பு நூல்தான்.

செடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை, பண்டான், செம்பருத்தி, ஆர்க்கிட், ஸ்பைடர் பிளான்ட் எல்லாம் பிள்ளை இலையைக் கடித்தாலும் பயமில்லாதவை, உரமும் பூச்சிமருந்தும் போடாதவரை. 2020-ல் கோவிட் நேரத்தில் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாகக் காய்கறி விதை கொடுத்தது, அதில் ஆரம்பித்து இன்றுவரை காரிடாரில் கீரை போடுகிறவர்களை எனக்குத் தெரியும். தக்காளி போட்டால் இலையும் பச்சைக் காயும் பிள்ளைக்கு ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சீனப் புத்தாண்டுக்கு வாங்கும் குட்டி ஆரஞ்சு மரம் அழகுக்கு வளர்த்தது, என்ன மருந்து அடித்தார்களோ, அந்தப் பழத்தைப் பறித்துக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் 'தொடாதே'யைவிட 'கேட்டுவிட்டு வாயில் போடு' நன்றாக வேலை செய்கிறது. பூமலையில் (பொட்டானிக் கார்டன்ஸ்) ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது, 2007-ல் திறந்தது, காசு கிடையாது. தொடலாம், முகரலாம், வாயில் போடக் கூடாது என்று சொல்லிப் பழக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் லக்கி பிளான்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெட்டிக் குப்பையில் போட மனசு வரவில்லை, பாவம், அது என்ன செய்யும். காரிடாரில் 'யாராவது எடுத்துக்கொள்ளலாம்' என்று வைக்கவும் பயம், மக்சிக்குக்கு நாலு பேரப்பிள்ளைகள். கடைசியில் கணவரின் அலுவலக நண்பர், குழந்தையோ பூனையோ இல்லாதவர், வந்து எடுத்துப்போனார். பேரைப் பெரிய எழுத்தில் எழுதி, சிவப்பு நூல் கட்டித்தான் கொடுத்தேன்.